காற்றுக்குக் கணக்கு எழுதிய மாநிலம்

சென்ற மாதம் நம் சங்கத்தின் சொற்பயிற்சிக் கூட்டத்தில் நண்பர் ஒருவர், "உலகம் வெப்பமடைவதைத் தடுக்க ஒரு மாநிலச் சட்டசபையால் என்ன செய்ய இயலும்?" என்று வினவினார். காற்றுக்கு எல்லையில்லை, ஆகையால் ஒன்றும் இயலாது என்று நானே முந்திக்கொண்டு விடையளித்தேன். பின்னர் நூலகத்தில் அமர்ந்து படித்தபோதுதான் அவசரப்பட்டுவிட்டேன் என்பது விளங்கிற்று. அதற்குப் பரிகாரமே இக்கட்டுரை.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2006-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றிற்று. சட்டசபை மசோதா எண் 32 என்றே அதை இன்றும் குறிப்பிடுகின்றனர். கரியமில வாயு முதலியவற்றின் வெளியீட்டை 2020-க்குள், 1990-இல் இருந்த அளவுக்கு, அதாவது 43 கோடியே 10 லட்சம் டன்னுக்குக் குறைத்தல் வேண்டும் என்பது அதன் சாரம். வழிவகைகளை வகுக்கும் பொறுப்பு மாநிலக் காற்று வள வாரியத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

வாரியம் கையாண்ட வழிகளுள் ஒன்று சீட்டு முறை. ஒரு டன் வாயுவுக்கு ஒரு சீட்டு. பெரிய ஆலைகள் தாம் வெளியிட்ட வாயுவுக்கு ஈடான சீட்டுகளை ஒப்படைக்க வேண்டும். சீட்டுகளின் மொத்தத் தொகை ஆண்டுக்கு ஆண்டு சுருங்கும். வாயுவைக் குறைத்தவன் மிஞ்சியதை விற்கலாம். குறைக்காதவன் விலை கொடுத்து வாங்க வேண்டும். நம் ரேஷன் அட்டையை எண்ணிக்கொள்ளுங்கள். விற்கவும் வாங்கவும் சட்டமே இடந்தரும் ரேஷன் இது. (அப்படியானால் கள்ளச் சந்தைக்கு வேலையே இல்லையே என்று என் அறைத்தோழர் வருந்தினார்!) முதல் ஏலம் 2012 நவம்பரில் நடந்தது.

இதுவரை எளிது. மின்சாரத்தில்தான் சிக்கல். கலிபோர்னியா தனக்கு வேண்டிய மின்சாரத்தில் கணிசமான பகுதியை அண்டை மாநிலங்களிலிருந்து பெறுகிறது. யூட்டா மாநிலத்தில் நிலக்கரி எரித்துப் பெற்ற மின்சாரம் பல ஆண்டுகள் லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு வந்தது. எல்லைக்குள் எழும் புகையை மட்டும் கணக்கிட்டால் என்ன ஆகும்? உள்ளூர் நிலையத்தை மூடிவிட்டு வெளியூர் மின்சாரத்தை வாங்குவார்கள். ஏடு தூய்மையாகும், வானம் ஆகாது. இதை உணர்ந்தே, வெளியிலிருந்து வாங்கும் மின்சாரத்தின் வாயுவையும் வாங்குபவர் கணக்கிலேயே எழுத வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. அவ்வாண்டே இயற்றிய மற்றொரு சட்டம், ஆயிரம் யூனிட்டுக்கு 1,100 பவுண்டுக்கு மேல் கரியமில வாயு விடும் நிலையங்களோடு நீண்டகால ஒப்பந்தம் செய்வதைத் தடுத்தது.

இதைப் படித்தபோது என் சொந்த ஊரான நெய்வேலியை நினைத்துக்கொண்டேன். எங்கள் பழுப்பு நிலக்கரி மின்சாரம் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் கூடச் செல்கிறது. புகைபோக்கி எங்கள் ஊரில். விளக்கு எரிவது வேறிடத்தில். கணக்கை எவர் பெயரில் எழுதுவது? சுரங்கத்தாலும் உலைக்களத்தாலும் பிழைக்கும் குடும்பத்தில் பிறந்த எனக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. வாங்குபவர் கணக்கில் எழுதுவதே நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் வாங்குபவர் நாளை வேறிடம் நாடினால் எங்கள் தொழிலாளர் எங்கே போவர்? கலிபோர்னியச் சட்டத்தில் யூட்டாத் தொழிலாளிக்கு விடை இல்லை. வேற்று மாநிலத்தானுக்கு அங்கே வாக்கும் இல்லை.

இந்த விதியிலும் ஓட்டை உண்டு. நிலக்கரி மின்சாரத்தை வேறொருவர் தலையில் கட்டிவிட்டு, முன்பே ஓடிக்கொண்டிருந்த நீர்மின்சாரத்தைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டால், புகை ஓர் இம்மியும் குறையாமல் கணக்கு மட்டும் குறையும். வாரியம் இதைத் தடை செய்திருக்கிறது. எனினும், இன்ன மின்சாரம் இன்னாருடையது என்று கம்பியில் எழுதியா இருக்கிறது?

இலக்கு 2016-லேயே, நான்காண்டுகள் முன்னதாக, எட்டப்பட்டது. முழுப் புகழையும் சட்டத்துக்கே சூட்ட நான் துணியேன். 2008-இன் பொருளாதார மந்தமும், மலிந்துவந்த சூரிய மின்தகடுகளும் கைகொடுத்தன. மின்துறையில் கண்ட குறைவு வாகனத்துறையில் காணப்படவில்லை.

2010-இல் வேலையில்லாத் திண்டாட்டம் 12 சதவீதத்தைக் கடந்திருந்த வேளையில், அது தணியும்வரை இச்சட்டத்தை நிறுத்திவைக்கக் கோரும் யோசனை மக்கள் வாக்குக்கு வந்தது. மக்கள் அதை நிராகரித்தனர். சீட்டு முறை 2025-இல் இயற்றிய சட்டங்களால் 2045 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. ஆயின் வாகனப் புகைக்குத் தனி விதி செய்ய அம்மாநிலம் மத்திய அரசின் அனுமதி பெற்றாக வேண்டும். புதிய கார்களுக்கு வழங்கிய அத்தகைய அனுமதியொன்றை அதே 2025-இல் அமெரிக்கக் காங்கிரஸ் ரத்து செய்தது. மாநிலம் நீதிமன்றம் சென்றது.