வாய் நாற்றமும் வயிற்றுப் பூச்சியும்

"பிள்ளைக்கு வாய் மணக்குது, வயிற்றில் பூச்சி இருக்கும்." எமது வீடுகளில் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. இரவில் பல்லைக் கடித்தாலும் பூச்சி, இனிப்புக் கேட்டாலும் பூச்சி, சோறு வேண்டாம் என்றாலும் பூச்சி. உடனே பாமசியில் ஒரு பூச்சிக் குளிசை வாங்கிக் கொடுத்துவிட்டு, விஷயம் முடிந்தது என்று இருந்துவிடுகிறோம்.

குளிசை கொடுத்த பிறகும் நாற்றம் போவதில்லை. ஏனெனில் அது பெரும்பாலும் வயிற்றிலிருந்து வருவதே இல்லை. மறுபுறம், உண்மையாகவே புழு இருக்கும் பிள்ளையின் வாய் மணக்காமலே இருக்கலாம். இவ்விரண்டையும் பிரித்து அறியாவிட்டால் இரண்டு நோய்களும் தப்பிவிடும்.

வாய் ஏன் நாறுகிறது?

எமது வாயில் கோடிக்கணக்கான பக்டீரியாக்கள் வாழ்கின்றன. நாக்கின் பின்பகுதியிலும் பல்லிடுக்குகளிலும் முரசின் ஓரங்களிலும் தங்கும் உணவுத் துணிக்கைகளையும் இறந்த கலங்களையும் அவை பிரிகையடையச் செய்கின்றன. அவற்றிலுள்ள புரதங்கள் உடையும்போது ஐதரசன் சல்பைட்டு போன்ற கந்தக வாயுக்கள் வெளியாகின்றன. அழுகிய முட்டையின் நாற்றத்துக்குக் காரணமான அதே வாயுதான் இது.

இந்தப் பக்டீரியாக்களைக் கழுவிக் கட்டுப்படுத்துவது உமிழ்நீர். தூக்கத்தில் உமிழ்நீர் குறைவதால்தான் காலையில் எல்லோருக்கும் வாய் மணக்கிறது. நோன்பு நாட்களில் அஸருக்குப் பிறகு வாய் மணப்பதும் இவ்வாறான இயல்பான ஒன்றே, நோயல்ல. ஆனால் பல் துலக்கிய பிறகும் நாள்தோறும் நாற்றம் நீடித்தால் சூத்தைப் பல், முரசு வீக்கம், தொண்டைச் சதையில் படியும் வெண்கட்டிகள், பீனிசம் ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். சிறு பிள்ளையின் ஒரு மூக்குத் துவாரத்திலிருந்து மட்டும் நாற்றத்துடன் சளி வந்தால், உள்ளே மணியோ கடலையோ சிக்கியிருக்கக் கூடும்.

விதிவிலக்காக ஒன்றைச் சொல்லலாம். ஜியார்டியா என்னும் ஒருகல ஒட்டுண்ணி சிறுகுடலில் தொற்றினால் நாற்றமுள்ள ஏப்பமும் வயிற்றோட்டமும் வரும். அப்போதும் நாறுவது ஏப்பமே. சாதாரணப் பூச்சிக் குளிசையை நாமாக வாங்கிக் கொடுப்பது அதற்கும் தீர்வாகாது.

பூச்சி மீது சுமத்திய பழைய பழி

சூத்தைப் பல்லை இன்றும் சிலர் 'பூச்சிப்பல்' என்கிறார்கள். பல்லுக்குள் புழு இருந்து அரிக்கிறது என்று உலகின் பல பகுதிகளில் மக்கள் பல நூற்றாண்டுகளாக நம்பினார்கள். 1728 இல் நூல் வெளியிட்ட பிரெஞ்சுப் பல் வைத்தியர் பியர் போஷார், நுணுக்குக்காட்டியால் தேடியும் அத்தகைய புழுவைக் காணவில்லை. வாய்ப் பக்டீரியாக்கள் சீனியிலிருந்து உண்டாக்கும் அமிலமே பல்லைக் கரைக்கிறது என்பதை 1890 இல் வில்லபி மில்லர் விளக்கினார். பல்லிலிருந்த கற்பனைப் புழு போய்விட்டது. ஆனால் வாய் நாற்றத்துக்கு வயிற்றுப் புழுவைக் குற்றம் சொல்லும் வழக்கம் எம்மிடம் மிஞ்சியிருக்கிறது.

உண்மையான புழுக்கள்

வட்டப்புழு 15 முதல் 35 சென்ரிமீற்றர் வரை வளரும். ஒரு பெண் புழு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் முட்டைகள் இடும். மண்ணில் சில வாரங்கள் முதிர்ந்த அம்முட்டைகள் கழுவாத கை, கழுவாத மரக்கறி வழியே எம்முள் வருகின்றன.

கீரைப்பூச்சி சுமார் 1 சென்ரிமீற்றர் நீளமானது. இரவில் மலவாயிலுக்கு வெளியே வந்து முட்டையிடுவதால் அரிப்பு உண்டாகிறது. சொறிந்த விரல் நகங்களில் முட்டைகள் ஒட்டி, மீண்டும் வாய்க்கும் படுக்கை விரிப்புக்கும் போகின்றன. ஆகவே ஒருவருக்கு இருந்தால் வீட்டார் அனைவரும் ஒன்றாக மருந்தெடுத்து, 2 வாரங்களின் பின் மீண்டும் எடுக்க வேண்டும்.

மாணவிகளாகிய நாம் கூடுதலாக அஞ்ச வேண்டியது கொழுக்கிப்புழுவுக்கு. அது பெரும்பாலும் வாய் வழியாக அல்ல, வெறுங்காலின் தோலைத் துளைத்து வருகிறது. கெய்ரோவில் ஆர்தர் லூஸ் என்ற ஆய்வாளரின் கையில் குடம்பிகள் இருந்த நீர் தற்செயலாகச் சிந்தியபோதுதான் இவ்வழி தெரியவந்தது. குடலில் தொங்கிக்கொண்டு அது இரத்தம் குடிக்கிறது. 100 புழுக்கள் இருந்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 மில்லிலீற்றர் இரத்தம் போகும். மாதவிடாயால் ஏற்கெனவே இரும்புச்சத்தை இழக்கும் பெண் பிள்ளைக்கு இது பெரிய இழப்பு. வாய் மணக்காது, வயிறும் வலிக்காமல் இருக்கலாம். களைப்பு, படியேறும்போது மூச்சு வாங்குதல், வெளிறிய கண்ணிமை, பாடத்தில் கவனமின்மை ஆகியவைதான் தெரியும். அவளுக்குக் கிடைக்கும் பெயர் 'சோம்பேறி'.

இலங்கையில் தேயிலைத் தோட்டத் தொழிலாளரை வாட்டிய இந்நோய்க்கு எதிராக 1916 இல் றொக்பெல்லர் மன்றத்தின் உதவியுடன் இயக்கம் தொடங்கப்பட்டது. மருந்து மட்டும் கொடுத்தபோது, மலசலகூடம் இல்லாத இடங்களில் புழு திரும்பத் திரும்ப வந்தது. அந்த அனுபவம் இன்றும் பாடமாகும்.

பூனையின் வாய் மணந்தால்?

எமது வீடுகளில் செல்லமாக உலாவுவது பூனை. அதன் வாய் நாறினாலும் பூச்சி என்றே சொல்கிறோம். பூனைக்கும் பல்லழுக்கும் முரசு நோயுமே முதற் காரணங்கள். வயதான பூனையின் வாயில் சிறுநீர் போன்ற மணம் வந்து, அது அதிகமாகத் தண்ணீர் குடித்தால் சிறுநீரக நோயாக இருக்கலாம். தாமதியாமல் கால்நடை வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

புழுவின் அடையாளங்கள் வேறு. குட்டியின் உப்பிய வயிறு, வாந்தியில் நூல் போன்ற புழு, வாலடியில் அரிசிமணி போன்ற நாடாப்புழுத் துண்டுகள் ஆகியவையே அவை. பூனையின் வட்டப்புழு தாய்ப்பால் வழியே குட்டிக்குப் போகும். அதன் முட்டைகள் மண்ணில் முதிர்ந்து பிள்ளைகளின் வாய்க்குள் சென்றால், குடம்பிகள் ஈரலுக்கும் அரிதாகக் கண்ணுக்கும் செல்லக்கூடும். இதற்காகப் பூனையைத் துரத்த வேண்டியதில்லை. அதற்கும் காலத்துக்குக் காலம் பூச்சி மருந்து கொடுத்து, அதன் மலத்தை உடனே அகற்றி, கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவினால் போதும்.

நாம் செய்ய வேண்டியவை

வுழூவில் வாய் கொப்பளிப்பது நல்லது. ஆனால் பல்லில் ஒட்டிய படலத்தைத் தண்ணீர் மட்டும் அகற்றாது. மிஸ்வாக்காலோ தூரிகையாலோ பல்லையும், மென்மையாக நாக்கையும் சுத்தம் செய்வோம். நாற்றம் நீடித்தால் முதலில் பல் வைத்தியரிடம் செல்வோம். நகம் வெட்டுவோம், தோட்டத்தில் செருப்பணிவோம், பாடசாலையில் தரும் பூச்சி மருந்தைத் தவறவிடாதிருப்போம். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் வைத்தியரைக் கேட்காமல் எந்தக் குளிசையும் கொடுக்க வேண்டாம்.

பெற்றோரே, வாய் மணக்கும் பிள்ளையின் வாயைத் திறந்து பாருங்கள். களைத்துப்போன பிள்ளையின் கண்ணிமையைப் பாருங்கள். தோழிகளே, வாய் மணக்கிறது என்று ஒருத்தியைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். வெட்கத்தால் வாயை மூடிக்கொள்பவள் தன் நோயையும் சேர்த்தே மூடி வைக்கிறாள்.

க.பொ.த. உயர்தரம், உயிரியல் பிரிவு