நடமாடும் வீட்டைத் தவணைக் கடனில் விற்கும் முறை

விலையில் ஒரு பகுதியை ரொக்கமாகப் பெற்றுக்கொண்டு எஞ்சியதைத் தவணைகளாக வசூலிக்கும் வாணிபம் நம் உறுப்பினர்களுக்குப் புதியதன்று. ஜவுளிக் கடையிலும் மாட்டுச் சந்தையிலும் அதனை நாம் கண்டிருக்கிறோம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வீடுகளையும் இவ்வாறே விற்கின்றனர். வங்கி கடன் கொடுக்க முன்வராதபோது, வீட்டை விற்பவரே வாங்குபவருக்குக் கடன் கொடுத்தவராகவும் ஆகிறார். இவ்வகையில் கைமாறும் வீடுகளுள் ‘நடமாடும் வீடுகள்’ எனப்படுபவை கணிசமானவை. கடன் சங்கங்களில் பொறுப்பு வகிப்போர் இம்முறையைக் கற்பதால் பயனுண்டு. கடன் கேட்பவரை ஆராய்தல், ஈடு பெறுதல், வசூல் செய்தல் என நாம் பலர் கூடிப் பகிர்ந்துகொள்ளும் பொறுப்புகள் யாவும் அங்கே தனி ஒருவர் தலையில் விழுகின்றன.

முதலில் அவ்வீட்டின் தன்மையை அறிதல் வேண்டும். அது தொழிற்சாலையில் எஃகுச் சட்டத்தின்மேல் கட்டப்பட்டுச் சக்கரங்களின் உதவியால் உரிய இடத்திற்கு இழுத்துவரப்படுவது. பெயர்தான் நடமாடும் வீடு. ஓரிடத்தில் நிறுத்தியபின் பெரும்பாலும் அது அசைவதே இல்லை. மீண்டும் பெயர்ப்பதற்குப் பல ஆயிரம் டாலர் செலவாகும். பழைய வீடாயின் வழியிலேயே உருக்குலைதலும் உண்டு. 1976 ஜூன் 15 முதல் கட்டப்பட்ட வீடுகள் மத்திய அரசின் கட்டுமான விதிகளுக்கு உட்பட்டவை. அவற்றின் ஒவ்வொரு பகுதியின் வெளிப்புறத்திலும் சிவப்பு நிற உலோகத் தகடு ஒன்று பதிக்கப்பட்டிருக்கும். அந்நாளுக்கு முற்பட்ட வீடுகளுக்குக் கடன் கொடுக்கும் நிறுவனங்கள் அரியன. ஆதலின் வாங்குவோரும் விற்போரும் முதலில் பார்ப்பது அத்தகட்டைத்தான்.

இரண்டாவது செய்தி இன்னும் முக்கியமானது. வீடு ஒருவருடையது, அது நிற்கும் நிலம் பல இடங்களில் வேறொருவருடையது. வரிசை வரிசையாக இவ்வீடுகள் நிற்கும் வளாகத்தை அங்கே ‘பார்க்’ என்று அழைக்கின்றனர். வீட்டுக்காரர் மாதந்தோறும் வளாகத்தின் உரிமையாளருக்கு மனை வாடகை செலுத்துதல் வேண்டும். நிலத்தோடு சேராத வீடு சட்டத்தின் பார்வையில் பெரும்பாலும் அசையும் பொருளே. மோட்டார் வண்டிக்கு இருப்பதுபோல் அதற்கும் ஓர் உரிமைச் சான்று உண்டு. நெசவாளர் தம் தறியை ஈடாகக் காட்டுவதற்கும், மனையோடு கூடிய வீட்டை அடமானம் வைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இங்கே நினைவுகூரலாம். அசையும் பொருளின்மேல் கொடுக்கப்படும் கடனுக்கு வட்டி அதிகம், கெடு குறைவு, கொடுப்போரும் சிலரே.

சந்தை தளர்ந்ததன் காரணமும் இதனுள்ளேயே அடங்கியிருக்கிறது. 1990களின் பிற்பகுதியில் ஆராயாமல் கடன் வழங்கப்பட்டமையால் இவ்வீடுகளின் விற்பனை பெருகியது. 1998இல் ஏறத்தாழ 3,73,000 புது வீடுகள் தொழிற்சாலைகளினின்றும் வெளியேறின. பின்னர்த் தவணைகள் தவறின. பறிமுதலான வீடுகள் சந்தையில் குவிந்தன. இத்துறையில் பெருங்கடன் கொடுத்திருந்த கான்செகோ நிறுவனம் 2002 டிசம்பரில் திவால் மனுத் தாக்கல் செய்தது. 2009இல் வெளியேறிய புது வீடுகள் 50,000 அளவிலேயே நின்றன. கடன் கொடுப்போர் விலகிக்கொண்டபோது, பழைய வீட்டை விற்க முனைந்த தனியார் பெரிதும் இடர்ப்பட்டனர். வீடு வேண்டுவோர் இருந்தனர். மாத வருமானமும் அவர்களுக்கு இருந்தது. மொத்த ரொக்கம்தான் இல்லை. இந்நிலை சந்தை தளரும்போதெல்லாம் திரும்ப வருகிறது. வீடு பூட்டிக் கிடந்தாலும் மனை வாடகை நிற்பதில்லை. மாதம் 450 டாலர் வாடகையாயின், பத்து மாதத்தில் 4,500 டாலர் வீணே கரைந்துவிடும். கணவரை இழந்து மகளின் ஊருக்குப் போய்விட்ட மூதாட்டிக்கு இது சிறு தொகையன்று. வந்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்று அவர் நினைப்பதில் வியப்பில்லை.

அவ்வாறு தள்ளிவிடுமுன் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தல் நன்று. வியாபாரி ஒருவர் ரொக்கமாக 14,000 டாலர் தருவதாகச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதே வீட்டைத் தவணையில் 24,000 டாலருக்கு வாங்க ஒரு குடும்பம் முன்வருகிறது. முன்பணம் 4,000, கடன் 20,000, ஆண்டு வட்டி நூற்றுக்கு 9, கெடு ஏழு ஆண்டு. முதலும் வட்டியும் சேர்ந்த சம தவணை மாதம் 321 டாலர் 78 சென்ட். முதல் மாதத் தவணையில் 150 டாலர் வட்டிக்கும், எஞ்சிய 171 டாலர் 78 சென்ட் முதலுக்கும் போகும். 32ஆம் தவணை வந்து சேரும்போது, முன்பணத்தையும் கூட்டினால், விற்றவர் கைக்கு 14,297 டாலர் வந்திருக்கும். அதாவது வியாபாரி தருவதாகச் சொன்ன ரொக்கத்தை அது கடந்துவிடும். அன்றைக்கும் ஏறத்தாழ 13,800 டாலர் முதல் நிலுவையில் நிற்கும். தவணை ஒழுங்காக வருமானால், விலையைப் பெரிதும் குறைக்காமல் கெடுவைக் கொடுத்தவரே லாபம் அடைகிறார். ஆனால் ‘வருமானால்’ என்ற அந்த ஒரு சொல்லில்தான் இவ்வாணிபம் முழுவதும் தொங்குகிறது.

தவணையில் கொடுக்கிறோம் என்பதற்காக விலையை வரம்பின்றி உயர்த்துவோர் அங்கும் உண்டு. இது கெட்டிக்காரத்தனம்போல் தோன்றினும் உண்மையில் பேதைமை. வீட்டின் மதிப்பைவிடக் கடன் மிகுந்தால், இடர் வரும் நாளில் வாங்கியவர் சாவியை வைத்துவிட்டுப் போய்விடுவார். கெடுவை மிக நீட்டுதலும் அத்தகையதே. மேற்படி 20,000 டாலரைப் பதினைந்து ஆண்டுக்குப் பரப்பினால் மாதத் தவணை 202 டாலர் 85 சென்ட்டாகக் குறையும். கேட்க இனிதாக இருக்கும். ஆயினும் முதல் ஓராண்டில் முதலில் கழிவது 661 டாலர் மட்டுமே. ஏழாண்டுக் கெடுவில் அதே ஓராண்டில் 2,149 டாலர் கழிகிறது. வீடு பழசாகும் வேகத்தைக் காட்டிலும் கடன் விரைந்து குறைதல் வேண்டும். முன்பணம் இன்றி விற்பதையும் தவிர்த்தலே அறிவுடைமை. தம் சேமிப்பை இட்டவர் எளிதில் கைவிட்டுப் போகமாட்டார்.

இனி வாங்குபவரை ஆராய்தல். மாதம் 321 டாலர் கட்ட வல்லவரா என்று மட்டும் கேட்பது போதாது. மனை வாடகை 450 டாலரையும் சேர்த்தால் மாதச் சுமை 771 டாலர் 78 சென்ட். காப்புறுதி, வரி, மின்சாரம் ஆகியவை இதற்கு மேல். சம்பளச் சீட்டையும் வங்கிக் கணக்கையும் பார்த்தல் வேண்டும். முன்பு குடியிருந்த வீட்டின் சொந்தக்காரரை விசாரித்தல் வேண்டும். ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று நிறுவனங்கள் அந்நாட்டில் ஒவ்வொருவரின் கடன் வரலாற்றையும் தொகுத்து வைத்திருக்கின்றன. தம்மைப் பற்றிய அறிக்கையை எவரும் வாரத்திற்கொரு முறை கட்டணமின்றிப் பெறலாம். அதனைக் கொணருமாறு வாங்குபவரையே கேட்கலாம். பழைய மருத்துவக் கடன் ஒன்று நிலுவையில் இருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை என்பது என் கருத்து. வாடகையை விடாமல் தவறவிட்டவர் என்று தெரிந்தாலோ விலகிக்கொள்வதே இருவருக்கும் நல்லது. கட்ட இயலாதவர் தலையில் கடனைச் சுமத்தினால் அவருடைய முன்பணமும் போகும், குடியிருப்பும் போகும்.

நிலத்துக்காரரை மறந்து செய்யும் விற்பனை நிலைக்காது. வளாகத்தில் குடியேறுவோரை ஏற்கவும் மறுக்கவும் நிருவாகத்திற்குப் பெரும்பாலும் உரிமை உண்டு. சில வளாகங்களில், குறிப்பிட்ட வயதைக் கடந்த வீடு விற்கப்பட்டால் அதனை அப்புறப்படுத்த வேண்டும் என்ற விதியும் காணப்படுகிறது. ஆதலின் முன்பணம் பெறுவதற்கு முன்னரே நிருவாகத்தின் சம்மதத்தை எழுத்தில் வாங்குதல் வேண்டும். மற்றொரு கடிதமும் தேவை. வாங்கியவர் மனை வாடகை செலுத்தத் தவறினால், வெளியேற்ற நடவடிக்கை எடுக்குமுன் விற்றவருக்குத் தெரிவிப்பதாக நிருவாகம் அதில் ஒப்புக்கொள்ள வேண்டும். இக்கடிதம் இல்லாவிடில் தவணை ஒழுங்காக வந்துகொண்டிருக்கும்போதே, வாடகைப் பாக்கிக்காக வீடு வளாகத்தாரின் பிடியில் சிக்கிவிடக்கூடும். ஈடாக நிற்கும் பொருளின் அடியில் உள்ள தரை பிறருடையது என்பதை ஒரு நாளும் மறத்தல் ஆகாது.

இந்தக் குறையைக் கூட்டுறவின் வழியே தீர்த்தவர்களும் அந்நாட்டில் இருக்கின்றனர் என்பதை நம் உறுப்பினர்கள் அறிந்தால் மகிழ்வர். 1984இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து மெரடித் என்னும் ஊரில், ஒரு சிறு வளாகத்தின் குடியினரே ஒன்றுசேர்ந்து, நியூ ஹாம்ப்ஷயர் சமுதாயக் கடன் நிதியின் உதவியோடு நிலத்தை விலைக்கு வாங்கினர். அவ்வழியில் குடியினர் நிலம் வாங்க உதவுவதற்கென ‘ஆர்.ஓ.சி. யு.எஸ்.ஏ.’ என்னும் அமைப்பு 2008இல் தோன்றியது. இன்று அதனைச் சார்ந்த வளாகங்கள் 300க்கும் மேற்பட்டவை. அத்தகைய வளாகத்தில் வாடகையை நிர்ணயிப்பவர்கள் குடியிருப்போரே. ஆதலின் அங்குள்ள வீட்டின்மேல் கொடுக்கும் கடனுக்கு அடித்தளம் சற்று உறுதியானது.

பத்திரங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். கிரய ஒப்பந்தம், புரோநோட்டு, ஈட்டு ஒப்பந்தம் ஆகிய மூன்றும் வேண்டும். இவற்றை எழுதிப் பெட்டியில் வைத்தால் மட்டும் போதாது. உரிமைச் சான்றில் விற்றவருடைய ஈட்டுரிமை பதிவாதல் வேண்டும். பதிவு செய்யும் அலுவலகம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். கலிபோர்னியாவிலும் டெக்சாஸிலும் வீட்டுவசதித் துறையினர் இதனைக் கவனிக்கின்றனர். ஃப்ளோரிடாவில் மோட்டார் வாகனத் துறையினர் கவனிக்கின்றனர். ஃப்ளோரிடாவில் இரு பகுதிகளை இணைத்த வீட்டிற்கு இரண்டு உரிமைச் சான்றுகள் உண்டு. ஒன்றில் மட்டும் பதிந்தால் பாதி வீடுதான் ஈடாகும்!

சட்டமும் இப்போது முன்போல் இல்லை. விர்ஜீனியாவைச் சேர்ந்த லானி ஸ்க்ரக்ஸ் என்பவர், பழைய நடமாடும் வீடுகளை மலிவாக வாங்கித் தவணையில் விற்கும் முறையைப் புத்தகம் எழுதிப் பரப்பினார். பலர் அதையே தொழிலாகக் கொண்டனர். 2010இல் இயற்றப்பட்ட டாட்-ஃபிராங்க் சட்டத்தின் கீழ் வகுத்த விதிகள் 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபின் அத்தொழிலுக்குக் கட்டுப்பாடு ஏற்பட்டது. பன்னிரண்டு மாதத்தில் தம் சொத்து ஒன்றை மட்டும் தவணையில் விற்கும் தனியாருக்கு ஒரு விலக்கு உண்டு. வீட்டைத் தொழில்முறையில் கட்டியவராக அவர் இருத்தல் கூடாது. தவணை செலுத்தச் செலுத்த முதல் பெருகிக்கொண்டு போகும் ஏற்பாடு கூடாது. வட்டி நிலையாக இருத்தல் வேண்டும், அன்றேல் ஐந்தாண்டு கழிந்த பின்னரே மாறுதல் வேண்டும். மூன்று சொத்துகள் வரை விற்போருக்கான விலக்கில் நிபந்தனைகள் கடுமையானவை: கடன் முழுவதும் சம தவணைகளில் தீர்தல் வேண்டும், வாங்குபவர் கட்ட வல்லவர் என்று நல்லெண்ணத்தோடு ஆராய்ந்திருத்தல் வேண்டும். இவற்றுக்கு மேல் மாநிலங்களின் வட்டி வரம்பும் உரிமச் சட்டங்களும் உள. வழக்கறிஞருக்குச் செலுத்தும் கட்டணத்தை மிச்சம் பிடிக்க முயல்வது இவ்விடத்தில் சிக்கனம் ஆகாது.

காப்புறுதிப் பத்திரத்தில் கடன் கொடுத்தவர் என்று விற்றவர் பெயர் இடம்பெற வேண்டும். தீயோ சூறாவளியோ வீட்டை அழித்தால், கடனுக்கு உரிய தொகை அதனால் அவருக்கு வந்து சேரும். தவணை வரும்போதெல்லாம் ரசீது கொடுத்து, வட்டி எவ்வளவு, முதல் எவ்வளவு என்று ஏட்டில் பிரித்து எழுதுதல் வேண்டும். பெற்ற வட்டி வருமானமாதலின் வரிக் கணக்கிலும் காட்டப்பட வேண்டியது.

தவணை தவறினால் யாது செய்வது? முதல் தவணை தாமதமான ஓரிரு நாளிலேயே விசாரித்தல் வேண்டும். மூன்று மாதம் வாளாவிருந்துவிட்டுப் பின்னர்ச் சினங்கொள்வதால் பயனில்லை. வேலை இழந்தவருக்கு இரு தவணைகளைக் கெடுவின் இறுதிக்குத் தள்ளிவைக்கலாம். ஆனால் அதனை எழுத்தில் செய்து இருவரும் கையொப்பமிட வேண்டும். அதுவும் பயன்படாவிடில் மாநிலச் சட்டப்படி அறிவிப்புக் கொடுத்து நீதிமன்றத்தை நாடலாம். குடியிருக்கும் வீட்டின் பூட்டைத் தாமே மாற்றுவதும் மின்சாரத்தைத் துண்டிப்பதும் விற்றவரையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிடும்.

இத்தொல்லைகளைத் தவிர்க்க எண்ணிச் சிலர் வீட்டை விற்காமல், ‘வாடகை செலுத்தி வா, முடிவில் சொந்தமாக்குவேன்’ என்று வாய்ச்சொல்லாக ஏற்பாடு செய்கின்றனர். பழுதுபார்க்கும் செலவு குடியிருப்பவருக்கு, உரிமைச் சான்று தமக்கு என்னும் இந்த ஏற்பாட்டில் நியாயம் குறைவு. ஒரு மாத வாடகை தவறினாலும் ஆண்டுக்கணக்கில் செலுத்தியதெல்லாம் போய்விடும். பல மாநிலங்களில் இது வழக்குக்கும் இடந்தருகிறது. விற்பதாயின் விற்றுவிட்டு ஈட்டைப் பதிந்துகொள்வதே நேரிய வழி.

84ஆம் தவணை வந்த அன்று புரோநோட்டில் ‘கடன் தீர்ந்தது’ என்று எழுதிக் கையொப்பமிட்டுத் திருப்பிக் கொடுத்தல் வேண்டும். ஈட்டுரிமை நீங்கியதற்கான படிவத்தையும் தாமதமின்றி உரிய அலுவலகத்துக்கு அனுப்புதல் வேண்டும். விற்றவர் இதற்கிடையே மறைந்துவிட்டால் கையொப்பம் வாங்க வாங்கியவர் வாரிசுகளைத் தேடி அலைய நேரிடும். எனவே வயது முதிர்ந்தோர், கடன் நிலுவையில் இருக்கும்போதே, பத்திரங்கள் இருக்குமிடத்தையும் தமக்குப்பின் வசூலிக்க உரிமையுள்ளவர் பெயரையும் எழுதி வாங்கியவரிடம் ஒரு படி கொடுத்துவைக்கின்றனர்.