புது வீட்டு வாசலைச் சீராக்க…

கிரகப்பிரவேசம் முடிந்து, வீட்டுக் கடன் தவணையும் தொடங்கிய பிறகுதான் வீட்டின் முன்புறம் கண்ணில் படும். சென்னைப் புறநகரில் எங்களுக்கு வாய்த்தது பதினைந்துக்கு இருபது அடி, அதுவும் தெருவைவிடத் தாழ்வு. உடைந்த செங்கல், சிமென்ட் கட்டி, துருப்பிடித்த கம்பி என்று கிடந்த அந்த இடத்தில் ஆசையாக நட்ட பன்னிரண்டு செடிகளில் பத்து ஒரே மாதத்தில் கருகிவிட்டன. பட்டுத் தெரிந்துகொண்டவை இவை.

1. ஒரு மழை பார்க்கும்வரை நர்சரிப் பக்கம் போகாதீர்கள். மழையில் குடையோடு நின்று, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே தேங்குகிறது என்று கைப்பேசியில் படம் எடுத்துவையுங்கள். மழைக்காலம் இல்லையென்றால் ஓர் அடி ஆழத்தில் குழி வெட்டி நீர் நிரப்புங்கள். மறுநாளும் நீர் நின்றால் மண் இறுகிப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

2. தெரு உயரமாக இருக்கிறதே என்று மண்ணைக் கொட்டி வாசலை உயர்த்திவிடாதீர்கள். மண் சுவரோடு ஏறினால் ஓதமும் கரையானும் கூடவே ஏறும். கேட்டின் குறுக்கே ஒரு சிறு வாய்க்கால் வெட்டி, கம்பி மூடி போட்டால் தெருத் தண்ணீர் அங்கேயே திரும்பிவிடும். உள்ளே பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் வாட்டம், வீட்டைவிட்டு விலகிப் போகும்படி இருக்கட்டும். கண்ணளவை நம்பாமல் கொத்தனாரை டியூப் லெவல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

3. ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 930 லிட்டர் தண்ணீர் இறங்கும். மாடியிலிருந்து இறங்கும் குழாய் வாசலில் திறந்தால் எந்தச் செடியும் தாங்காது. மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டியில் விடுங்கள். தமிழ்நாட்டில் 2003-லேயே எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டதுதானே! ஐப்பசிக்கு முன் தொட்டியைத் தூர் வாருவதை மறக்க வேண்டாம்.

4. சிமென்ட் கலவை போட்ட இடத்தில் மண் சுண்ணாம்புத் தன்மை ஏறிக் கிடக்கும். பச்சையாக வாங்கிய இட்லிப்பூச் செடி அங்கே மஞ்சளாகிப் போவது அதனால்தான். ஓர் அடிக்குத் தோண்டி, சல்லடையில் சலித்துக் கட்டிகளை அகற்றுங்கள். லோடு செம்மண் வாங்குவதாக இருந்தால் இறக்குவதற்கு முன் ஒரு பிடி கிளறிப் பாருங்கள். கோரைக் கிழங்கு கலந்து வந்தால் ஆயுசுக்கும் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

5. எங்களுக்குக் கைகொடுத்தது தக்கைப்பூண்டு. உழவர்கள் வயலுக்குப் பசுந்தாள் உரமாக விதைப்பது. உவர் மண்ணையும் தாங்கும். கால் கிலோ விதை முந்நூறு சதுர அடிக்குத் தாராளம். நாற்பத்தைந்து நாளில், பூக்கிற தறுவாயில் வெட்டி மண்ணோடு புரட்டி, இரண்டு வாரம் மட்கவிடுங்கள். "வாசலில் என்ன காடு வளர்க்கிறீர்கள்?" என்று பக்கத்து வீட்டார் கேட்டார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும்.

6. சம்ப், செப்டிக் டேங்க் மூடிகள், தண்ணீர்க் குழாய், மின்சார எர்த் குழி இவை இருக்கும் இடங்களை ஒரு தாளில் வரைந்துவையுங்கள். இவற்றின் மேல் தளம் போட வேண்டாம்.

7. முழுவதும் சிமென்ட் பூசினால் பெருக்குவது சுலபம். ஆனால் கோடையில் வீடு அடுப்பாகிவிடும். வண்டிச் சக்கரம் போகும் தடத்துக்கு மட்டும் மணல் பரப்பி பேவர் பிளாக் பதித்தால் போதும். வாசற்படிக்கு நேரே ஐந்தடி சதுரம் மட்டும் வழவழப்பாகப் பூசினோம். அது மாமியார் கேட்ட கோல இடம். எங்கள் திட்டத்தில் முதலில் விட்டுப்போனதும் அதுதான்!

8. நந்தியாவட்டை, செம்பருத்தி போன்ற உழைப்பாளிகளில் தொடங்குங்கள். சுவரிலிருந்து இரண்டடி தள்ளியே நடுங்கள். அரளி முழுக்க நஞ்சு என்பதால், தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் வேண்டாம். முருங்கைக் கிளை காற்றில் பட்டென்று முறியும். வண்டி நிறுத்தும் இடத்துக்கு அருகில் ஆகாது.

9. வேலையை மொத்தமாகப் பேசினாலும் கூலியை மூன்று பங்காகப் பிரித்துக் கொடுங்கள். கடைசிப் பங்கு, ஒரு நல்ல மழை பெய்து வாசல் வடிந்த பிறகுதான் என்று மேஸ்திரியிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.