பெரணிகளும் கோலார் தங்கவயலின் மண்மேடுகளும்

பூவாது, காயாது, விதை தராது தம் இனத்தைப் பெருக்கிவரும் தாவரங்கள் சில உண்டு. அவற்றுள் பெரணி இனம் தலையாயது. மலைநாட்டு ஓடைக்கரைகளில் இறகு போல் விரிந்த அதன் இலைகளைக் காண்போர் அதனை அழகுச் செடியாக மட்டுமே கருதுவதுண்டு. ஆயினும் பெரணி மலைநாட்டிற்கே உரியதன்று. குளக்கரைச் சேற்றில் நான்கு சிற்றிலைகளுடன் படர்ந்து, வீடுகளில் கறியாகச் சமைக்கப்படும் ஆரைக்கீரை ஒரு பெரணியே. நெல்வயல் நீரில் மிதந்து, தன்னுள் வாழும் நீலப்பசும் நுண்ணுயிரின் துணையால் காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக்கித் தரும் அசோலாவும் பெரணியே. கொல்லிமலையில் விற்கப்படும் முடவாட்டுக்கால், கிழங்கு என்று பெயர் பெற்றிருப்பினும், பாறைகளைப் பற்றி வளரும் ஒரு பெரணியின் தண்டேயாகும். நீலகிரிச் சோலைகளிலோ மரம் போல் ஓங்கி நிற்கும் பெரணிகளைக் காணலாம். உலகில் ஏறக்குறைய 10,500 வகைப் பெரணிகள் உள்ளனவென்று தாவர விஞ்ஞானிகள் கணக்கிட்டுள்ளனர்.

இவ்வினத்தின் தன்மையை அறிவது வறண்ட கோலார் தங்கவயலுக்கும் பயன்படக் கூடியதே. அதன் காரணத்தை உணர, பெரணியின் வரலாற்றையும் வாழ்க்கை முறையையும் முதலில் காண்போம்.

தொன்மை

கோலாரின் தங்க இழைகளைத் தாங்கிநிற்கும் பாறைகள் ஏறக்குறைய 270 கோடி ஆண்டுகட்கு முற்பட்டவை. அவை தோன்றிய காலத்தில் நிலத்தின் மீது செடியோ கொடியோ இல்லை. ஆகவே அப்பாறைகளில் பெரணியின் சுவட்டைத் தேடுவது வீண். பெரணிகள் தோன்றியது சுமார் 36 கோடி ஆண்டுகட்கு முன்னரே. எனினும் பூக்கும் தாவரங்களை நோக்க இது பெருந்தொன்மையாகும்.

தொன்மையான இனமாயினும் பெரணி தேங்கி நின்றுவிட்ட இனமன்று. பூக்கும் மரங்கள் காடுகளாகப் பரவியபோது, அவற்றின் நிழலிலேயே வாழப் பழகிப் புதுப்புது வகைகளாகப் பெரணிகள் பெருகின. இன்றுள்ள வகைகளிற் பெரும்பாலானவை அவ்வாறு பிற்காலத்தில் கிளைத்தவையே. அழிவு நேர்ந்த நிலத்தில் முதலில் குடியேறும் ஆற்றலும் இவற்றுக்கு உண்டு. 1883-ஆம் ஆண்டில் கிரகட்டோவா எரிமலை வெடித்து, அத்தீவு முழுவதும் சாம்பலால் மூடப்பட்டது. மூன்றாண்டுகட்குப் பின் அங்குச் சென்ற தாவர விஞ்ஞானி டிராய்ப், பதினொரு வகைப் பெரணிகள் முளைத்திருக்கக் கண்டார்.

வாழ்க்கை முறை

இவ்வாற்றலுக்குக் காரணம் சிதல் எனப்படும் நுண்துகளாகும். முதிர்ந்த பெரணி இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் பழுப்பு நிறப் புள்ளிகளோ கோடுகளோ வரிசையாக இருப்பதைக் காணலாம். அவை சிதல்கள் விளையும் பைகளின் திரள்கள். பைகள் வெடிக்கும்போது வெளிப்படும் சிதல்கள் காற்றில் ஏறி நெடுந்தொலைவு செல்கின்றன.

ஆனால் சிதலிலிருந்து நேரே பெரணி முளைப்பதில்லை. முதலில் இருதய வடிவமுள்ள மெல்லிய பச்சைத் தகடொன்று உண்டாகிறது. அதன் அளவு விரல் நகத்தினும் சிறிது. ஆணணுவும் பெண்ணணுவும் தோன்றுவது இத்தகட்டில்தான். ஆணணு நீரில் நீந்திச் சென்றே பெண்ணணுவை அடைய வேண்டும். அதற்கு மெல்லிய நீர்ப்படலம் ஒன்றே போதுமெனினும், அது இல்லையேல் கருவுறுதல் இல்லை. வறண்ட நாட்டில் பெரணிகள் அருகிக் காணப்படுவதற்கு இதுவே முதற் காரணம்.

வறண்ட நிலத்துப் பெரணிகள்

கோலார்ப் பகுதியில் ஆண்டு மழை சராசரியாக 80 சென்டிமீட்டருக்கும் குறைவு. தக்காணத்தின் இத்தகைய வறண்ட பகுதிகளிலும் பெரணிகள் இல்லாமலில்லை. பாறை இடுக்குகளில் வாழும் மயிற்சிகை, கோடையில் சுருண்டு உலர்ந்து மடிந்தது போல் கிடந்து, மழை பெய்ததும் மீண்டும் விரிந்து பசுமை பெறும். கிணற்றுச் சுவர்களிலும் சுண்ணாம்புக் காரை பூசிய பழைய மதில்களிலும் நீண்ட சிற்றிலைகளுடன் டெரிஸ் விட்டேட்டா என்னும் பெரணி வளர்வதுண்டு. சுண்ணாம்புச் சத்தை விரும்புவது இதன் இயல்பு.

இப்பெரணியே 2001-ஆம் ஆண்டு பிப்ரவரியில் உலகின் கவனத்தை ஈர்த்தது. வெள்ளைப் பாஷாணத்தின் மூலப்பொருளான ஆர்சனிக், மண்ணில் மிகுந்தால் பெரும்பாலான செடிகளுக்கு நஞ்சாகும். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், மரப் பாதுகாப்பு மருந்தால் ஆர்சனிக் ஏறிக் கெட்ட நிலத்தில் இப்பெரணி செழித்திருப்பதை லீனா மா என்பவரும் அவருடன் பணியாற்றியவர்களும் கண்டறிந்து அம்மாதம் வெளியிட்டனர். சோதனையில் ஆர்சனிக் சேர்த்த மண்ணில் ஆறு வாரம் வளர்ந்த பெரணியின் உலர்ந்த இலையில், எடையில் 2 சதவீதத்துக்கு மேல் ஆர்சனிக் சேர்ந்திருந்தது. பாஸ்பேட்டை ஏற்கும் வழியாகவே வேர் ஆர்சனிக்கையும் ஏற்று இலைகளுக்கு அனுப்புகிறது. அங்கு அது செல்லின் நுண்குமிழ்களில் அடைக்கப்படுவதால் செடிக்குத் தீங்கு விளைவதில்லை.

மண்மேடுகளும் பெரணியும்

அதே பிப்ரவரித் திங்கள் 28-ஆம் நாள் கோலார் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டன. 1880-ஆம் ஆண்டு முதல் தமிழ்த் தொழிலாளர் பலர் உழைத்த அவ்வயலில் எஞ்சியவை, தாதுவை அரைத்துத் தங்கம் பிரித்தபின் கொட்டப்பட்ட மண்மேடுகள். மக்கள் வழக்கில் இவை சயனைடு மலைகள். இவற்றில் மூன்று கோடி டன்னுக்கு மேற்பட்ட கழிவு மண் உள்ளது. காற்று வீசுங்கால் நுண்ணிய தூள் குடியிருப்புகளின் மீது படிகிறது. இவ்வயலின் சல்பைடு இழைகளில் ஆர்சனிக் கலந்த கனிமமும் உண்டு.

பெரணியை நட்டு இம்மேடுகளைச் சுத்திகரிக்கலாமா என்னும் வினா எழுவது இயல்பே. இதில் நான்கு செய்திகளைக் கருதல் வேண்டும். முதலாவது, எவ்விடத்தில் எவ்வளவு ஆர்சனிக் உள்ளதென மண்ணைப் பரிசோதித்து அறிதல் வேண்டும். இரண்டாவது, மட்கற்று உலர்ந்த மேட்டில் சிதல் தானே முளைக்குமென எதிர்பார்த்தல் தகாது; நாற்றங்காலில் ஈரத்தோடு வளர்த்த கன்றுகளையே நட்டு, நீரும் தரவேண்டும். மூன்றாவது, வேர் செல்லும் ஆழம் வரையுள்ள மண்ணையே பெரணி தூய்மையாக்கும். மேட்டின் உட்பகுதியை அது தொடாது. நான்காவது, நஞ்சேறிய இலைகளைக் காலந்தோறும் அறுத்து, ஆடுமாடுகளுக்கு எட்டாதபடி தனியே அகற்ற வேண்டும். அறுக்காமல் விட்டால் உதிரும் இலைகளோடு நஞ்சு மீண்டும் மண்ணையே சேரும்.

ஆகவே பெரணி ஒரே பருவத்தில் குறை தீர்க்கும் மாமருந்தன்று. மேற்பரப்பின் நஞ்சைச் சிறிது சிறிதாகக் குறைப்பதே அதனால் இயலக்கூடியது. மேட்டின் தூளை அடக்கி நிறுத்துவதற்கு, வறட்சி தாங்கும் புல்லும் மரமும் அதனுடன் சேர்ந்து வேரூன்ற வேண்டும். ஈரமும் நிழலும் நிலைக்கும் சரிவின் அடிப்பகுதியிலும் வாய்க்கால் ஓரங்களிலும் அதனை முதலில் நட்டுப் பார்த்தல் பொருத்தமாகும்.