வந்திருந்தால் விற்றிருப்போம்: வியாபாரக் கடிதத்துக்கு ஓர் ஆங்கிலப் பாடம்



"திங்கட்கிழமையே சரக்கு வந்திருந்தால் விற்றிருப்போம்." எங்கள் வல்லத்திராக்கோட்டைப் பக்கம் இப்படிப் பேசாத கடைக்காரர் இல்லை. இந்தச் சிறு வாக்கியத்துக்குள் இரண்டு செய்திகள் இருக்கின்றன. ஒன்று, சரக்கு வரவில்லை. மற்றொன்று, விற்பனை நடக்கவில்லை. "இல்லை" என்ற சொல்லே வராமல் இரண்டையும் சொல்லிவிடுகிறோம்.

நடக்காமல் போன பழைய காரியத்தை, நடந்ததாக வைத்துக்கொண்டு பேசும் வாக்கியம் இது. பள்ளிக்கூடத்தில் 'இஃப் கிளாஸ்' என்ற பாடத்தில் இதை நடத்துகிறார்கள். கம்பெனிக்கும், லாரி ஆபீசுக்கும், இன்சூரன்சுக்கும் எழுதும் ஆங்கிலக் கடிதங்களில் பல நேரம் நம் பணம் இந்த வாக்கியத்தில்தான் நிற்கிறது. ஆகவே இதைச் சரியாகத் தெரிந்துகொள்வது நல்லது.

அமைப்பு

தராசுக்கு இரண்டு தட்டு இருப்பதுபோல இந்த வாக்கியத்துக்கு இரண்டு பாதி உண்டு. முதல் பாதியில் இஃப், ஹேட், பிறகு வினைச்சொல்லின் மூன்றாம் வடிவம். இரண்டாம் பாதியில் வுட் ஹேவ், பிறகு மூன்றாம் வடிவம். (கோ, வென்ட், கான் என்பதில் கான் என்பதே மூன்றாம் வடிவம்.)

"இஃப் யூ ஹேட் டெலிவர்ட் த கூட்ஸ் ஆன் மண்டே, வீ வுட் ஹேவ் சோல்ட் தெம்."

தமிழில் முதல் பாதியில் 'இருந்தால்' வரும் இடத்தில் ஹேட். இரண்டாம் பாதியில் 'இருப்போம்' வரும் இடத்தில் வுட் ஹேவ். இதை மனதில் வைத்தால் போதும்.

நாட் சேர்த்தால் பொருள் தலைகீழாகும். "இஃப் த லாரி ஹேட் நாட் பிரோக்கன் டவுன்" என்றால் லாரி பழுதானது என்று அர்த்தம்.

கதவு திறந்ததா, மூடியதா?

"இஃப் யூ பே டுடே, வீ வில் கிவ் யூ எ டிஸ்கவுன்ட்." இன்று கட்டினால் தள்ளுபடி உண்டு, கதவு திறந்திருக்கிறது.

"இஃப் யூ ஹேட் பெய்ட் யெஸ்டர்டே, வீ வுட் ஹேவ் கிவன் யூ எ டிஸ்கவுன்ட்." நேற்றுக் கட்டவில்லை, தள்ளுபடியும் இல்லை, கதவு மூடிவிட்டது. டிஸ்கவுன்ட் என்ற சொல்லை மட்டும் பார்த்துவிட்டு மகிழ்ந்துவிடக் கூடாது.

சில கடிதங்களில் இஃப் என்ற சொல்லே இராது. "ஹேட் வீ ரிசீவ்ட் யுவர் லெட்டர் வித்தின் செவன் டேஸ், வீ வுட் ஹேவ் கன்சிடர்ட் யுவர் கிளெய்ம்" என்று எழுதுவார்கள். ஹேட் முதலில் வருவதால் கேள்விபோலத் தோன்றும். கேள்வி அல்ல. "ஏழு நாளுக்குள் உங்கள் கடிதம் வரவில்லை, ஆகவே உங்கள் கோரிக்கையைப் பரிசீலிக்கவில்லை" என்பதே பொருள்.

கவனிக்க வேண்டிய மூன்று

முதலாவது, இரண்டு பாதியிலும் வுட் போடக் கூடாது. "இஃப் யூ வுட் ஹேவ் டெலிவர்ட்" என்று எழுதுவது பிழை.

இரண்டாவது, தமிழில் 'வந்திருக்கும்' என்பதற்கு இரண்டு பொருள் உண்டு. "இந்நேரம் சரக்கு வந்திருக்கும்" என்பது ஊகம். அதற்கு மஸ்ட் ஹேவ் கம் என்று எழுத வேண்டும். வுட் ஹேவ் கம் என்று எழுதினால், வரவில்லை என்று படிப்பவர் எடுத்துக்கொள்ள இடமுண்டு.

மூன்றாவது, நம்மை நாமே மாட்டிவிடும் வாக்கியம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபோது நம் புதுக்கோட்டை மாவட்டமும் பெரும் சேதம் கண்டது. அப்படி ஒரு புயலில் நனைந்த கடலை மூட்டைகளுக்கு இன்சூரன்ஸ் கேட்டு எழுதுவதாக வைத்துக்கொள்வோம். "இஃப் வீ ஹேட் ரிப்பேர்ட் த ரூஃப், த பேக்ஸ் வுட் நாட் ஹேவ் பிகம் வெட்" என்று எழுதினால், கூரையைப் பழுது பார்க்கவில்லை என்று நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாகும். பழுது பார்த்திருந்தால், "வீ ரிப்பேர்ட் த ரூஃப் இன் ஆகஸ்ட்" என்று நடந்ததை நேராக எழுத வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

நஷ்டஈடு என்பதே இந்த வாக்கியத்தின் மேல் கட்டியதுதான். இங்கிலாந்தில் குளோஸ்டர் நகரில் ஒரு மாவு மில். 1853-ல் அதன் என்ஜினின் கிராங்க் ஷாஃப்ட் உடைந்தது. அதை மாதிரியாகப் பார்த்துப் புதிது செய்வதற்காக வேறு ஊருக்குச் சரக்குப் போக்குவரத்துக் கம்பெனி மூலம் அனுப்பினார்கள். கம்பெனி தாமதம் செய்ததால் மில் கூடுதலாகச் சில நாள் நின்றது. தாமதம் இல்லாதிருந்தால் மில் ஓடியிருக்கும், லாபம் வந்திருக்கும் என்று மில்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 1854-ல் தீர்ப்பான இதுவே ஹேட்லி - பாக்ஸன்டேல் வழக்கு. நிலைமையை முன்கூட்டியே கம்பெனிக்குத் தெரிவிக்காததால், போன லாபத்தைக் கேட்க முடியாது என்று நீதிமன்றம் கூறியது.

நம் நாட்டின் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவும் இதே வழியில் செல்கிறது. மில் நின்றுகிடக்கிறது என்று சொல்லியே இயந்திரத்தை ஒப்படைத்திருந்தால், தாமதமான நாட்களுக்கு மில் சராசரியாக ஈட்டியிருக்கும் லாபத்தைக் கேட்கலாம். ஆனால் அந்தத் தாமதத்தால் கைநழுவிப்போன அரசாங்க ஒப்பந்தத்தின் நஷ்டத்தைக் கேட்க முடியாது. அப்பிரிவில் உள்ள உதாரணமே இது.

ஆகவே ஆர்டர் கொடுக்கும்போதே எழுதுங்கள்:

"இஃப் த ஜாகரி டஸ் நாட் ரீச் அஸ் பை ஜனவரி டென்த், வீ வில் லூஸ் அவர் பொங்கல் சேல்ஸ்."

வெல்லம் வராமல் பொங்கல் போய்விட்டால் பிறகு எழுதுங்கள்:

"இஃப் த ஜாகரி ஹேட் ரீச்ட் அஸ் பை ஜனவரி டென்த், வீ வுட் நாட் ஹேவ் லாஸ்ட் அவர் பொங்கல் சேல்ஸ்."

முன்னால் வில் போட்டு எழுதி வைத்தவருக்கே பின்னால் எழுதும் வுட் ஹேவ் பலம் பெறும். கடிதமோ, மின்னஞ்சலோ, வாட்ஸ்அப்போ, தேதியுடன் நகலைப் பத்திரப்படுத்துங்கள்.

பயிற்சி

கீழ்க்கண்டவற்றை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். விடையைப் பார்க்குமுன் வீட்டில் படிக்கும் பிள்ளைகளிடமும் கேட்டுப் பாருங்கள்.

1. நீங்கள் போன் செய்திருந்தால் நாங்கள் காத்திருந்திருப்போம்.
2. மழை பெய்யாமல் இருந்திருந்தால் லாரி வந்திருக்கும்.
3. பில் இந்நேரம் உங்களுக்குக் கிடைத்திருக்கும்.

விடை: 1. இஃப் யூ ஹேட் போன்ட் அஸ், வீ வுட் ஹேவ் வெய்ட்டட். 2. இஃப் இட் ஹேட் நாட் ரெய்ன்ட், த லாரி வுட் ஹேவ் கம். 3. யூ மஸ்ட் ஹேவ் ரிசீவ்ட் த பில் பை நவ். (மூன்றாவது ஊகம், இங்கே வுட் ஹேவ் வேண்டாம்.)