பலாவு மொழியில் ஜப்பானியச் சொற்கள்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

1914இல் ஜப்பானியக் கடற்படை பலாவு தீவுகளைப் பிடித்தது. 1922இல் கொரோர் நகரம் ஜப்பானின் தென்கடல் ஆட்சியின் தலைமையிடமானது. இரண்டாம் உலகப் போரோடு அந்த ஆட்சி போனது, சொற்கள் தங்கிவிட்டன. பலாவு மொழி கற்க வருகிறவர்கள் அவற்றை இன்னும் ஜப்பானியமாகவே நினைத்துத் தடுமாறுகிறார்கள். அவை இப்போது பலாவு சொற்கள்.

செய்ய வேண்டியவை

பலாவு நாக்கு சொல்வதுபோலவே சொல்லுங்கள். தொலைபேசிக்கு ஜப்பானியர் 'தென்வா' என்பார்கள், பலாவுக்காரர் 'தெங்குவா' என்பார்கள். மின்சாரம் 'தெங்கி'. விமானமான 'ஹிகோகி' இங்கே 'ஸ்கோகி'. பலாவின் பழஞ்சொற்களில் 'ன்' ஒலியே கிடையாது, 'ங்' தான் உண்டு. 'சென்செய்' (ஆசிரியர்), 'பென்தோ' (சாப்பாட்டுப் பொட்டலம்) போன்ற சில சொற்களோடுதான் 'ன்' உள்ளே வந்தது.

உடைமை சொல்லும்போது கவனம் தேவை. பழஞ்சொல் உருமாறும்: 'ப்லாய்' என்றால் வீடு, 'ப்லிக்' என்றால் என் வீடு. வந்த சொல் அப்படி வளையாது. அதன் பின்னால் 'எர்' வந்து, பிறகு ஆளைக் குறிக்கும் சொல் வரும்: 'தெங்குவா எர் ங்காக்', என் தொலைபேசி. கார் என்ற பொருளில் வரும் 'சிடோசியா'வுக்கும் இதே வழிதான். இந்த ஒன்றைப் பழக்கிக்கொண்டால் வீட்டுப் பேச்சில் பாதி கைவசமாகும்.

பொருளையும் பலாவிலிருந்தே எடுங்கள். 'ஸ்காரெனாவோஸ்' என்பதன் ஜப்பானிய மூலத்துக்குக் களைப்பைத் தீர்ப்பது என்று பொருள். பலாவிலோ அது வேலை முடிந்தபின் பீர் குடிப்பது. ஜப்பானில் பீருக்கு யாரும் அப்படிச் சொல்வதில்லை.

செய்யக்கூடாதவை

ஜப்பானிய வினைமுடிவுகளை ஒட்டாதீர்கள். பரவாயில்லை என்பதற்கு 'ங் தைஜோப்'; முன்னே நிற்கும் 'ங்' பலாவின் எழுவாய். நான் ஆசிரியராக இருந்தேன் என்பதற்கு 'அக் ம்லே சென்செய்'. இறந்தகாலத்தை 'ம்லே' பார்த்துக்கொள்ளும்.

யாரையும் திருத்தாதீர்கள். ஜப்பானியம் படித்தவர்கள் 'ஸ்கோகி'யைப் பிழை என்பது எனக்குக் கோபமூட்டுகிறது. அதைச் சொல்பவர் தன் தாய்மொழியைச் சரியாகத்தான் பேசுகிறார்.

'தூய' பலாவு தேடி இவற்றைக் களையவும் முயலாதீர்கள். மரபு, வழக்கம் என்பதைக் குறிக்கவே அங்கே 'சியுகாங்' என்கிறார்கள். அதுவும் ஜப்பானியத்திலிருந்து வந்ததுதான்.

இத்தனை சொற்கள் இருப்பதால் எல்லோருக்கும் ஜப்பானியம் தெரியும் என்று எண்ண வேண்டாம். ஆங்காவுர் மாநில அரசமைப்பு ஜப்பானியத்தை ஆட்சிமொழிகளில் ஒன்றாகக் குறிக்கிறது. ஆனாலும் அந்தத் தீவின் அன்றாடப் பேச்சு பலாவுதான். பள்ளியில் ஜப்பானியம் படித்தது ஜப்பானிய ஆட்சிக் காலத்துத் தலைமுறை. குடியேறிய ஜப்பானியப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி, தீவுப் பிள்ளைகளுக்கு வேறு பள்ளி என்று பிரித்துவைத்த காலம் அது. ஆகவே பெரியவர்களிடம் அந்த நாட்களைப் பற்றிப் பேசும்போது பாசமா கசப்பா என்று நீங்களே முடிவுகட்டாதீர்கள். அவர்கள் சொல்லட்டும்.