கடலுக்கு ஏன் விடுமுறை?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. (விலங்கியல்)

கடல் வற்றாது; ஆனால் கடலில் உள்ள மீன் வற்றும். இவ்வுண்மையை உலகம் சற்றுத் தாமதமாகவே உணர்ந்தது. கனடா நாட்டின் நியூபவுண்ட்லாந்து கடலில் பல நூற்றாண்டுகளாகக் காட் மீன் பிடிக்கப்பட்டு வந்தது. எவ்வளவு அள்ளினாலும் அது குறையாது என்றே மக்கள் நம்பினர். 1992ஆம் ஆண்டில் அம்மீன்பிடிப்பையே அரசு நிறுத்த வேண்டியதாயிற்று. பல்லாயிரம் பேர் பிழைப்பை இழந்தனர். அத்தடை நீங்க 32 ஆண்டுகள் ஆயின.

நம் கடலுக்கு அந்நிலை வராமல் காக்கும் ஏற்பாடுகளுள் ஒன்று மீன்பிடித் தடைக்காலம். தமிழகத்தில் 2001 முதல் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 தொடங்கி 45 நாட்கள் கடைப்பிடிக்கப்பட்டது. 2017 முதல் ஜூன் 14 வரை 61 நாட்களாக நீட்டிக்கப்பட்டது. இந்நாட்களில் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லக்கூடாது. கட்டுமரங்களுக்கும் நாட்டுப் படகுகளுக்கும் தடையில்லை.

பல்லாவரத்தில் கடல் இல்லை. ஆயினும் தடைக்காலம் எங்கள் வீட்டுக்கு வரத் தவறுவதில்லை. என் தாயார் விடியுமுன் மின்சார ரயிலில் சென்று, சிந்தாதிரிப்பேட்டைச் சந்தையில் சரக்கெடுத்து வந்து, தெருவோரம் கூடை வைத்து விற்பவர். அவ்விரண்டு மாதங்களில் சரக்கு குறையும், விலை ஏறும், வாடிக்கைக்காரர்கள் கோழி வாங்கப் போய்விடுவார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். எனவே அம்மா என்னிடம் கேட்டார்: "ரெண்டு மாசம் படகை நிறுத்தணும்னு யார் கண்ணு கணக்குப் போட்டது? கடலுக்குள்ள போய் மீனை எண்ணினாங்களா?"

நியாயமான கேள்வி. அதற்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

எண்ணுவது எப்படி?

கடலுக்குள் மீனை எண்ண இயலாது; கரைக்கு வந்த மீனை எண்ணலாம். இப்பணியை நாடெங்கும் செய்து வருவது மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம். 1947 பிப்ரவரி 3இல் தொடங்கப்பட்ட இந்நிறுவனத்தின் தலைமையகம் பின்னர் மண்டபத்திலிருந்து கொச்சிக்கு மாறியது. சென்னை சாந்தோம் நெடுஞ்சாலையிலும் இதற்கு ஒரு நிலையம் உண்டு. எல்லாத் துறையிலும் எல்லா நாளும் நிற்க ஆள் போதாது. ஆகவே கடற்கரையைப் பகுதிகளாகவும், மாதத்தைப் பத்துப் பத்து நாட்களாகவும் பிரித்து, குலுக்கல் முறை போல் சில துறைகளையும் சில நாட்களையும் தேர்ந்தெடுக்கிறார்கள். அன்று வந்த படகுகளில் சிலவற்றின் மீனை இனம் பிரித்து எடை போட்டு, அதிலிருந்து மொத்தத்தைக் கணக்கிடுகிறார்கள். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதன் விஞ்ஞான வடிவம் இது.

மீன் எப்போது தாயாகிறது?

சென்னைவாசிகள் விரும்பி உண்ணும் கானாங்கெளுத்தியை எடுத்துக்கொள்வோம். மாதந்தோறும் நூற்றுக்கணக்கில் இம்மீனை வாங்கி, நீளம் அளந்து, எடை பார்த்து, வயிற்றைக் கீறிச் சினைப்பையை ஆராய்கிறார்கள். சினையின் எடையை உடல் எடையால் வகுத்து நூறால் பெருக்கினால் ஓர் எண் கிடைக்கும். அவ்வெண் எம்மாதங்களில் உச்சத்தை எட்டுகிறதோ, அவற்றை அடுத்தே முட்டையிடும் பருவம் எனலாம். எந்த நீளத்தில் பாதி மீன்கள் முதிர்ச்சி அடைந்துள்ளனவோ, அதுவே முதல் முதிர்ச்சி நீளம். இத்தகைய ஆய்வுகளைக் கொண்டே கேரள அரசு 2015 முதல் பிடிக்கத்தக்க குறைந்தபட்ச நீளத்தை இனவாரியாக விதித்து வருகிறது. அங்கே கானாங்கெளுத்திக்கு 14 சென்டிமீட்டர். மத்திக்கு 10 சென்டிமீட்டர்.

மீனின் வயதை எப்படி அறிவது? குளிர்நாட்டு மீன்களின் தலைக்குள் இருக்கும் செவிக்கல்லில் மர வளையம் போல் ஆண்டு வளையங்கள் தெரியும். நம் கடலில் கடுங்குளிர்காலம் இல்லாமையால் அவ்வளையங்கள் தெளிவாக அமைவதில்லை. ஆகவே மாதந்தோறும் எடுத்த நீள அளவுகளை வரைபடமாக்கி, ஒரே பருவத்தில் பிறந்த கூட்டம் எவ்வளவு வளர்ந்துள்ளது என்று பின்தொடர்கிறார்கள்.

பொடி மீனின் நட்டம்

இங்கே ஓர் எளிய கணக்கு. மீனின் எடை ஏறத்தாழ நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் போல் உயரும். 10 சென்டிமீட்டர் மீன் 20 சென்டிமீட்டர் ஆனால், எடை இரு மடங்கல்ல, சுமார் எட்டு மடங்கு! வளரும் காலத்தில் சில மீன்கள் இயற்கையாக இறக்கும் என்பது உண்மையே. அந்த இழப்பையும் வளர்ச்சியையும் தராசின் இரு தட்டுகளில் இட்டு, பிடிக்க ஏற்ற அளவைக் காண்பதே மீன்வள விஞ்ஞானம்.

இதை அம்மாவிடம் விளக்கியபோது அவர் வியக்கவில்லை. "பொடியெல்லாம் அள்ளிட்டு வந்து கூறு கட்டினா, பெருசு எங்கேருந்து வரும்?" என்றார். விஞ்ஞானிகள் அளந்து சொன்னதை அவர் விற்றே அறிந்திருந்தார். ஆம், கூறுக்குக்கூட வராத குஞ்சு மீன்கள் தீவன ஆலைக்கே போகின்றன.

குஞ்சுகள் தப்ப வழி வலையிலேயே உண்டு. இழுவலையின் கடைசிப் பையில் வலைக்கண் 40 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்பது தமிழக விதி. ஆனால் சாய்சதுரக் கண்கள் இழுவிசையில் மூடிக்கொள்ளும். சதுரக் கண்கள் விரிந்தே நிற்கும்; குஞ்சுகள் வெளியேறும். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இத்தகைய சதுரக்கண் பைகளை ஆராய்ந்து பரிந்துரைத்துள்ளது.

இன்னும் அளக்க வேண்டியவை

தடைக்காலம் சர்வரோக நிவாரணி அன்று. எல்லா மீனும் ஒரே பருவத்தில் முட்டையிடுவதில்லை. ஆண்டு முழுதும் சினைப்படும் இனங்களும் உள. ஜூன் 15இல் புறப்படும் படகுகள் சிறுகண் வலையோடு போனால், 61 நாள் காத்த செல்வம் சில வாரங்களில் கரையும். ஆகவே தடைக்காலமும் வலைக்கண் விதியும் இரட்டை மாடுகள் போன்றவை. ஒன்று படுத்தால் வண்டி நகராது. மேலும், கரையோர மீனவக் குடும்பங்களுக்கு அரசு தடைக்கால நிவாரணம் தருகிறது. ஊருக்குள் கூடையில் விற்கும் பெண்கள் அந்நாட்களில் இழப்பது எவ்வளவு என்பதும் மீனின் நீளத்தைப் போலவே அளக்கப்பட வேண்டிய ஒன்றாகும்.

நண்பர்களே, இவ்வாராய்ச்சிக்கு அடிப்படையான கருவிகள் அளவுகோல், தராசு, கத்தரிக்கோல், நுண்ணோக்கி. இவை நம் செய்முறைக் கூடத்திலேயே உள்ளன. மதிப்பெண்ணுக்காக மீனை அறுக்கும் நாம், அதன் நீளத்தையும் சினையின் நிலையையும் தேதியிட்டு ஒரு ஏட்டில் குறித்து வந்தால், பத்தாண்டில் நம் கல்லூரியிலும் ஒரு சிறு கணக்கு உருவாகும். விதிகளை இயற்றுவது அரசு. அவ்விதிகள் நியாயமானவை என்று நம் வீட்டாருக்கு எடுத்துரைக்கவும், நியாயமில்லாத இடத்தைச் சுட்டிக்காட்டவும் வேண்டியவர்கள் படித்தவர்களாகிய நாமே.